வாட்ச்டாக்கை ஏன்யா கொல்றீங்க?

ஒரு எரிச்சல்ல எழுதறேன். நீளமாத்தான் போகும். டீயோ காபியோ கைல எடுத்துட்டு வந்துடுங்க.

ராஸ்பெரி பையை வெச்சு ஒரு பேட்டரி சார்ஜர் ஐசியை ஐ2சி வழியா ஓட்டறது எப்படின்னு தேடிப் பாருங்க. பைத்தான்ல, சி-ல, ஆர்டுயினோவுக்குன்னு வண்டி வண்டியா உதாரண கோடு கிடைக்கும். எதைத் திறந்தாலும் பிள்ளையார் சுழி ஒண்ணேதான்: வாட்ச்டாக்கை அணைச்சிடு.

ஏன் அணைக்கணும்? பெரும்பாலும் ஒரு விளக்கமும் இருக்காது. இருந்தா, "இல்லன்னா செட்டிங் மாறிடும்"னு ஒரு வரி.

அட, மாறணும்னுதானய்யா அதை வெச்சிருக்கான்!

சரி. கோபத்தை ஓரமா வெச்சுட்டு முதல்ல இருந்து வரேன்.

எங்க வீட்டு மொட்டை மாடில ஒரு பை ஸீரோ குடியிருக்கு. ஓவர்ஹெட் டேங்க்ல தண்ணி எவ்ளோ இருக்குன்னு பார்த்து கீழ சொல்றது அதோட வேலை. கரண்ட் போனா அதுவும் போயிடும். சும்மா போனாக் கூட பரவாயில்ல. எழுதிட்டிருக்கறப்போ போச்சுன்னா எஸ்டி கார்டு குழம்பிப் போய், கரண்ட் வந்தப்புறமும் எழுந்திருக்காம படுத்தே கிடக்கும். அப்புறம் ஏணி, ஸ்க்ரூடிரைவர், கார்டு ரீடர்னு நம்ம ஞாயித்துக்கிழமை காலி.

"ஒரு பவர் பேங்க்கை சொருகிடுங்களேன் மாமா"ன்னான் அக்கா பையன்.

நல்ல யோசனைதான். ஆனா ரெண்டு சிக்கல். ஒண்ணு, நிறைய பவர் பேங்க்ல அடாப்டர் வர்றப்பவும் போறப்பவும் வெளிய போற 5 வோல்ட் ஒரு கணம் தடுக்கும். நம்ம போனுக்கு அது தெரியாது. பை உடனே ரீபூட் ஆயிடும். (யூபிஎஸ்னு ஒண்ணை வெச்சு, கரண்ட் போறப்போ ஒரு தடவை, வர்றப்போ ஒரு தடவைன்னு ரெண்டு ரீபூட் வாங்கினா அதுக்குப் பேர் யூபிஎஸ் இல்ல.)

ரெண்டாவதுதான் முக்கியம். லித்தியம் செல்லை எப்பவும் 4.2 வோல்ட்ல நிரப்பியே வெச்சிருந்தா அது சீக்கிரம் வயசாகும். கூடவே சூடும் சேர்ந்தா இன்னும் சீக்கிரம். மே மாச சென்னை மொட்டை மாடியைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம். அதே செல்லை 4.0 வோல்ட்டோட நிறுத்தினா கொள்ளளவுல சுமார் 80 சதவீதம்தான் கிடைக்கும், ஆனா ஆயுள் கணிசமா நீளும். நமக்கு வேண்டியது ஒரு மணி நேர கரண்ட் கட்டைத் தாங்கறது. அதுக்கு 80 சதவீதம் தாராளம்.

ஆக, "இவ்ளோ வோல்ட்டோட நிறுத்து"ன்னு நாம சொன்னா கேட்கற சார்ஜர் வேணும்.

நான் எடுத்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட பிக்யூ25895. ஒத்தை செல் லித்தியத்துக்கான ஐசி, 5 ஆம்ப் வரைக்கும் சார்ஜ் பண்ணும். போன், டேப்லெட்டுக்காகப் பண்ணினது. நாலுக்கு நாலு மில்லிமீட்டர்ல 24 பின். அதை நேரா சோல்டர் பண்ற கண்ணு எனக்கு எப்பவோ போயிடுச்சு, அதனால மாட்யூலாவே வாங்கிட்டேன். இதுல பவர் பாத்னு ஒரு வசதி உண்டு: அடாப்டர் இருந்தா சிஸ்டத்துக்கு அதுல இருந்தே கொடுக்கும், மீதியை பேட்டரிக்கு அனுப்பும். அடாப்டர் போனா சத்தமில்லாம பேட்டரிக்கு மாறும்.

(ஒரு எச்சரிக்கை: சிஸ்டம் பின்ல வர்றது பேட்டரி வோல்டேஜை ஒட்டி மூணரை, நாலு வோல்ட்தான். பைக்கு 5 வோல்ட் வேணும், அதனால நடுவுல தனியா ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர் போடணும். "ஐசிக்குள்ளயே 5 வோல்ட் பூஸ்ட் இருக்கே, அதையே எடுத்துக்கலாமே"ன்னு தோணும். இருக்கு. ஆனா சார்ஜும் பூஸ்ட்டும் ஒரே நேரத்துல நடக்காது. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறற இடைவெளில பை செத்துடும். பவர் பேங்க் கதைதான் மறுபடி.)

இதோட பேசறதுக்கு ரெண்டே கம்பி. ஐ2சி பஸ், 1982-ல பிலிப்ஸ்காரன் கொண்டு வந்தது. ஒரு கம்பில டேட்டா, இன்னொண்ணுல கடிகாரத் துடிப்பு. பையில அது 3-ஆவது பின்னும் 5-ஆவது பின்னும். அந்த ரெண்டு பின்லயும் 1.8 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டரை போர்டுலயே வெச்சு அனுப்பிடறாங்க. இது தெரியாம நாம மாட்யூல் மேல மாட்யூலா மாட்டுவோம், ஒவ்வொண்ணும் தன் பங்குக்கு 4.7 கிலோ ஓம் கொண்டு வரும். ரெண்டு மாட்யூல் சேர்ந்தாலே மொத்தம் ஒரு கிலோ ஓம்கிட்ட இறங்கிடும். பஸ்ஸை கீழ இழுக்கறதுக்கு ஒரு சாதாரண ஐசிக்கு 3 மில்லி ஆம்ப் கணக்கு. அந்த எல்லையை உரசிட்டு நிப்போம். மாட்யூல்ல இருக்கற புல்-அப்பை எடுத்துடுங்க, பையில இருக்கறதே போதும்.

கம்பியெல்லாம் மாட்டி ஸ்கேன் பண்ணினா ஹெக்ஸ் 6ஏங்கற முகவரில ஐசி "ஆஜர்"ங்கும். அந்த சந்தோஷம் இருக்கே! எத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தாலும் ஸ்கேன்ல முகவரி தெரியற அந்த நிமிஷம் எனக்கு அலுக்கவே மாட்டேங்குது.

இப்போ 4.0 வோல்ட். டேட்டாஷீட்படி 06-ஆவது ரெஜிஸ்டர்ல மேல இருக்கற ஆறு பிட்தான் சார்ஜ் வோல்டேஜ். 3.840-ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு படிக்கும் 16 மில்லிவோல்ட் ஏறும். நமக்கு வேண்டியது 4.000. வித்தியாசம் 160 மில்லிவோல்ட், அதாவது பத்து படி. பத்தை ரெண்டு பிட் இடதுபக்கம் தள்ளினா 40. கீழ மிச்சமிருக்கற ரெண்டு பிட்ல ஒண்ணு ஏற்கெனவே 1-ஆ இருக்கும், அதைத் தொடக்கூடாது, அதோட மதிப்பு 2. ஆக எழுத வேண்டியது 42.

எழுதினேன். திரும்பப் படிச்சேன். 42.

சார்ஜ் கரண்ட் 04-ஆவது ரெஜிஸ்டர். படிக்கு 64 மில்லி ஆம்ப். 1024 போதும்னு 16 எழுதினேன். திரும்பப் படிச்சா 16.

அழகு. போய் தண்ணி குடிச்சிட்டு வந்து சும்மா இன்னொரு தடவை படிச்சுப் பார்த்தா, 06-ல 94. 04-ல 32.

94-ன்னா 4.208 வோல்ட். 32-ன்னா 2048 மில்லி ஆம்ப். ஐசி ஃபேக்டரில இருந்து வந்தப்போ இருந்த அதே மதிப்பு. நான் சொன்னதை எல்லாம் துடைச்சுப் போட்டுட்டு அது பாட்டுக்கு இருக்கு!

இங்கதான் ஊர்ல எல்லாரும் வாட்ச்டாக்கை அணைக்க ஓடறாங்க.

நடந்தது என்னன்னா, இந்த ஐசிக்கு ரெண்டு நிலை உண்டு. யாரும் பேசாம விட்டா அதுவா தன் ஃபேக்டரி செட்டிங்ல சார்ஜ் பண்ணும். 12 மணி நேரத்துக்கு மேல இழுத்தா அதுவே நிறுத்திக்கும். கம்ப்யூட்டரே இல்லாம தனியா குடும்பம் நடத்தற திறமை அதுக்கு இருக்கு. நீங்க எந்த ரெஜிஸ்டர்லயாவது ஒரு பைட் எழுதின அந்த நொடில "ஓ, வீட்ல பெரியவங்க இருக்காங்க போல"ன்னு உங்க பேச்சைக் கேட்கற நிலைக்கு மாறும். கூடவே 40 செகண்ட் கடிகாரம் ஒண்ணு ஓட ஆரம்பிக்கும், அதுதான் வாட்ச்டாக். அது முடியறதுக்குள்ள 03-ஆவது ரெஜிஸ்டர்ல ஆறாம் நம்பர் பிட்டை 1-ஆக்கி "நான் உயிரோடதான் இருக்கேன்"னு சொல்லணும். சொல்லலன்னா நீங்க போய்ச் சேர்ந்துட்டீங்கன்னு முடிவு பண்ணி பழைய செட்டிங்குக்குத் திரும்பிடும்.

ஹாஸ்டல்ல இருக்கற பையன் தினமும் ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ற ஏற்பாடுதான் இது. போன் வரலன்னா அம்மா கிளம்பி வந்துடுவாங்க. தொந்தரவாத்தான் இருக்கும். ஆனா அந்த ஏற்பாடு எதுக்காகன்னு ரெண்டு பேருக்குமே தெரியும்.

(சும்மா படிச்சிட்டே இருந்தா போதாது, கவனிங்க. வோல்டேஜ் எவ்ளோன்னு செகண்டுக்கு ஒரு தடவை கேட்டுட்டே இருந்தாலும் இந்தக் கடிகாரம் நிக்காது. அந்தக் குறிப்பிட்ட பிட்டை எழுதணும்.)

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன். லினக்ஸ் கெர்னல்ல இந்த ஐசி குடும்பத்துக்குன்னே ஒரு டிரைவர் இருக்கு. அதுவும் ஆரம்பிக்கறப்பவே வாட்ச்டாக்கை அணைக்கத்தான் செய்யுது. அவங்ககிட்ட காரணம் இருக்கும்னு என்னால ஊகிக்க முடியுது. போன்னு ஒண்ணு இருந்தா அது தூங்கணும். இந்தக் கடிகாரத்தோட அதிகபட்சமே 160 செகண்ட்தான். ரெண்டரை நிமிஷத்துக்கு ஒரு தடவை முழு ப்ராசஸரையும் எழுப்பி ஒரு பிட் எழுத வெச்சா ராத்திரி முழுக்க பேட்டரி கரையும். ஒத்துக்கறேன்.

ஆனா என் பை தூங்கறதே இல்லையே! 24 மணி நேரமும் கொட்டக் கொட்ட முழிச்சிட்டுதான் இருக்கு. பத்து செகண்டுக்கு ஒரு பைட் எழுத அதுக்கு என்ன வலிக்குது? போன்காரன் தேவைக்குப் பண்ணினதை நாம காரணம் கேட்காம காப்பி அடிக்கறோம். அதுதான் என் எரிச்சல்.

இப்போ புத்திசாலி ஒருத்தர் கேட்பார்: "வாட்ச்டாக் முடிஞ்சா 2 ஆம்ப், 4.2 வோல்ட்டுக்குப் போகுது. அணைச்சு வெச்சா நான் போட்ட 1 ஆம்ப், 4.0-லயே நிக்குது. அப்போ அணைக்கறதுதானே பாதுகாப்பு?"

செம கேள்வி. இதுக்கு பதில் யோசிச்சாதான் விஷயம் பிடிபடும்.

நீங்க போட்ட செட்டிங் இருக்கறது ரெஜிஸ்டர்ல. பேட்டரியும் அடாப்டரும் ஒண்ணா கழண்டா அது போச்சு. மறுபடி மாட்டினா, பை பூட் ஆகி உங்க ப்ரோக்ராம் ஓடற வரைக்கும் 2 ஆம்ப், 4.2 வோல்ட்தான். எஸ்டி கார்டு செத்து பை எழுந்திருக்கவே இல்லன்னா? நாள் கணக்கா அதேதான். ஆக வாட்ச்டாக்கை அணைச்சாலும் அந்த ஃபேக்டரி செட்டிங்கை நீங்க என்னிக்காவது சந்திச்சே தீரணும். தப்பிக்க வழி இல்ல. 1000 மில்லி ஆம்ப்-அவர் குட்டி செல்லை இந்த ஐசில மாட்டி, "நான்தான் சாஃப்ட்வேர்ல குறைச்சுட்டேனே"ன்னு நம்பறது, செல்லோட உயிரை ஒரு பைத்தான் ஃபைல் கைல கொடுக்கறது.

அதனால ஃபேக்டரி செட்டிங்கைத் தாங்கற பேட்டரியை முதல்ல வாங்கணும். நான் 18650 செல் ரெண்டை இணையா போட்டேன். 2 ஆம்ப் வந்தாலும் ஆளுக்கு ஒரு ஆம்ப். நல்ல செல்லுக்கு அது சாதாரணம். அதுக்கப்புறம் 4.0 வோல்ட், 1 ஆம்ப் எல்லாம் ஆயுளைக் கூட்டற வசதி மட்டும்தான். அது போனா ஆயுள் கொஞ்சம் குறையும், வீடு எரியாது.

(செல் வாங்கறப்போ ஜாக்கிரதை. ரிச்சி தெருவுல ஒரு கடைல 9900 மில்லி ஆம்ப்-அவர்னு ஸ்டிக்கர் ஒட்டின 18650-ஐ எடுத்து நீட்டினாங்க. "சூப்பர் குவாலிட்டி சார், ஃபுல் மூவிங்." அந்த சைஸ் செல்லுல சுமார் 3500-தான் நிஜத்துல எட்டக்கூடிய உயரம். நான் சிரிச்சேன், அவரும் சிரிச்சார். "அப்போ இதைப் பாருங்க சார்"னு கீழ் டிராயர்ல இருந்து 2600 போட்டதை எடுத்தார். பொய் சொல்லாத நம்பர் இருக்கற செல்லை வாங்குங்க.)

சரி, வாட்ச்டாக் உயிரோட இருக்கட்டும்னு முடிவு பண்ணியாச்சு. அடுத்தது, உயிரோட இருக்கேன்னு யார் சொல்றது?

சோம்பேறி வழி: பின்னணில ஒரு த்ரெட், பத்து செகண்டுக்கு ஒரு தடவை அந்த பிட்டை எழுதிட்டே இருக்கும். இது அணைச்சு வெக்கறதை விட மோசம். உங்க மெயின் லூப் எங்கயோ மாட்டிட்டுத் தொங்கிட்டிருக்கும், த்ரெட் மட்டும் "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்"னு பாடிட்டிருக்கும். அம்மாவுக்கு தினமும் தானா மெசேஜ் போற மாதிரி செட் பண்ணி வெச்ச பையன் இவன்தான்.

என் லூப்ல வரிசை இதுதான். முதல்ல ஃபால்ட் ரெஜிஸ்டரைப் படி. பேட்டரி வோல்டேஜைப் படி, அது அறிவுக்குப் பொருந்தற எண்ணா பார். 06-ஐயும் 04-ஐயும் திரும்பப் படிச்சு நான் எழுதினதுதான் இருக்கான்னு பார், இல்லன்னா மறுபடி எழுது. இவ்ளோவும் சரியா முடிஞ்சா மட்டும் கடைசில அந்த பிட். நடுவுல எது தப்பினாலும் பிட் எழுதக்கூடாது. 40 செகண்ட் ஆகட்டும், ஐசி தன் வழியைப் பார்த்துக்கட்டும்.

ஃபால்ட் ரெஜிஸ்டர்ல ஒரு குசும்பு இருக்கு. முதல் தடவை படிச்சா முன்னாடி எப்பவோ நடந்த கோளாறைச் சொல்லும். இப்போதைய நிலைமை வேணும்னா உடனே இன்னொரு தடவை படிக்கணும். யோசிச்சா நல்ல டிசைன்தான், நாம பார்க்காத நேரத்துல வந்து போன கோளாறும் பதிவாகி நிக்கும். ஆனா தெரியாதவங்களுக்கு எல்லாம் நல்லா இருக்கறப்போ "கோளாறு, கோளாறு"ன்னு காட்டிட்டே இருக்கும்.

"வோல்டேஜ் அறிவுக்குப் பொருந்துதா"ன்னு எதுக்குப் பார்க்கணும்? ஒரு மத்தியானம் பேட்டரி 6.564 வோல்ட்னு லாக்ல விழுந்துச்சு. ஒத்தை லித்தியம் செல்லுல 6.564! நிஜமா இருந்தா நான் இந்தப் பதிவை எழுதிட்டிருக்க மாட்டேன். வோல்டேஜ் கணக்கு 2.304 கூட்டல் படிக்கு 20 மில்லிவோல்ட். 85 வந்தா 4.004. இதுக்கு ஏழு பிட்தான் ஒதுக்கியிருக்கான். எட்டாவதா, உச்சியில இருக்கற பிட்டுக்கு வேற வேலை: ஐசி ரொம்ப சூடாகி தானே கரண்டைக் குறைச்சுக்கிட்டா அது 1 ஆகும். நான் எடுத்தாண்ட கோடு எட்டு பிட்டையும் சேர்த்துப் பெருக்கிடுச்சு. 128-ஐ 20 மில்லிவோல்ட்டால பெருக்கினா 2.56. 4.004 கூட 2.56 சேர்த்தா சரியா 6.564. குளிர்ச்சியான ரூம்ல டெஸ்ட் பண்ணின புண்ணியவானுக்கு அந்த பிட் வாழ்க்கைல 1 ஆகியிருக்காது. நம்ம மொட்டை மாடில மதியம் ஒரு மணிக்கு ஆகும்.

அடுத்த கடுப்பு, இன்புட் கரண்ட். அடாப்டர்ல இருந்து எவ்ளோ இழுக்கலாம்னு 00-ஆவது ரெஜிஸ்டர்ல நாம எழுதுவோம். ஆனா அடாப்டரை ஒரு தடவை பிடுங்கி மாட்டினா, ஐசி யூஎஸ்பி டேட்டா கம்பியை மோப்பம் பிடிச்சு "இது கம்ப்யூட்டர் போர்ட்டு, இது சார்ஜர்"னு தானே கண்டுபிடிச்சு அந்த ரெஜிஸ்டரைத் திருத்தி எழுதிடும். இதுக்கும் வாட்ச்டாக்குக்கும் சம்பந்தமே இல்ல, இருந்தாலும் பழி அந்த நாய் மேலதான் விழும். ஒவ்வொரு கரண்ட் கட்டும் ஒரு பிடுங்கி மாட்டல்தானே! போதாததுக்கு ஐலிம்னு ஒரு பின்ல ரெசிஸ்டர் ஒண்ணு உக்காந்திருக்கு. ரெஜிஸ்டர் சொல்றது, ரெசிஸ்டர் சொல்றது, ரெண்டுல எது குறைச்சலோ அதுதான் செல்லுபடி. சாஃப்ட்வேர்ல 3 ஆம்ப்னு எழுதிட்டு "வரமாட்டேங்குதே"ன்னு புலம்பறவங்க முதல்ல மாட்யூல்ல அந்த ரெசிஸ்டரைப் பாருங்க.

இதை நான் குறைன்னு சொல்ல மாட்டேன். இந்த ஐசியை வரைஞ்ச ஆள் நம்ம சாஃப்ட்வேரை ஒரு இடத்துலயும் முழுசா நம்பல. எங்கெல்லாம் உயிர் போற விஷயமோ அங்கெல்லாம் ஒரு ரெசிஸ்டரோ, ஒரு கடிகாரமோ, ஒரு பின்னோ வெச்சு நம்ம கையைக் கட்டியிருக்கார். இருபது வருஷமா சாஃப்ட்வேர் எழுதற ஆளா சொல்றேன், அவர் சரி.

அப்படி வெச்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது சிஇ பின். அது கீழ இருந்தாதான் சார்ஜ். மேல இருந்தா, ரெஜிஸ்டர்ல என்ன எழுதியிருந்தாலும் சார்ஜ் கிடையாது. ஆனா அடாப்டர்ல இருந்து சிஸ்டத்துக்குப் போற பவர் பாட்டுக்குப் போகும். நான் வாங்கின மாட்யூல்ல இதை நேரா கிரவுண்டோட கட்டிப் போட்டிருந்தாங்க, எப்பவும் சார்ஜ். பிளேடால அந்தத் தடத்தை வெட்டினேன். ஐசியோட ரெக்என் பின்ல இருந்து ஒரு 10 கிலோ ஓம்மால சிஇ-யை மேல இழுத்துக் கட்டினேன். சிஇ-க்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு குட்டி மாஸ்ஃபெட், அதோட கேட் பையோட ஜிபிஐஓ 17-க்கு. (நேரா ஜிபிஐஓவைக் கொடுத்துடாதீங்க. ரெக்என்ல 3.3-க்கு மேல இருக்கும், பை பின் கருகிடும்.)

ஏன் 17? பையில ரீசெட் ஆனதும் ஜிபிஐஓ 0-ல இருந்து 8 வரைக்கும் உள்ளுக்குள்ள மேல இழுத்த நிலைல இருக்கும். 9-ல இருந்து 27 வரைக்கும் கீழ இழுத்த நிலை. 17-ல கட்டினா, பை ரீசெட் ஆன நொடில கேட் கீழ, மாஸ்ஃபெட் மூடிக்கும், சிஇ மேல, சார்ஜ் நிக்கும். ப்ரோக்ராம் எழுந்து எல்லாத்தையும் எழுதி சரிபார்த்தப்புறம்தான் 17-ஐ உயர்த்தும். செல்லு சுத்தமா காலியா இருந்தா பை எப்படி எழுந்திருக்கும்னு கேட்கலாம். அடாப்டர் வந்ததும் பவர் பாத் வழியா சிஸ்டத்துக்கு வந்துடும், பேட்டரி நிலைமை எப்படி இருந்தாலும் பை பூட் ஆகும்.

பையே தொங்கிப் போனா? பைக்குள்ளயும் ஒரு ஹார்டுவேர் வாட்ச்டாக் இருக்கு, அதிகபட்சம் 15 செகண்ட் கணக்கு. சிஸ்டம்டி-ல ஒரு வரில இயக்கி விட்டுடலாம். கெர்னல் உறைஞ்சா அது பையை உதைச்சு ரீசெட் பண்ணும், ஜிபிஐஓ கீழ போகும், சார்ஜ் நிக்கும். ஒரு நாய் தூங்கினா இன்னொண்ணு குரைக்கும். இதுல எதையுமே நான் அணைக்கல, பாருங்க.

ஷட்டவுன் விஷயத்துலயும் கொஞ்சம் மண்டையை உடைச்சேன். கரண்ட் போச்சு, பேட்டரி தீரப் போகுது, பை ஒழுங்கா ஷட்டவுன் ஆகுது. அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்துடும்! (வரும். நம்ம ஊர் கரண்ட் அப்படித்தான்.) பை ஷட்டவுன் ஆகி முடிஞ்சிருக்கும், 5 வோல்ட் விடாம வந்துட்டிருக்கும், ஆனா யாரும் அதை எழுப்ப மாட்டாங்க. டேங்க் வழிஞ்சு பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து கதவைத் தட்டினாதான் நமக்குத் தெரியும்.

சிஸ்டம்டி-ல, ஃபைல் சிஸ்டமெல்லாம் கழட்டினப்புறம் கடைசி கடைசியா ஓடற ஸ்க்ரிப்ட்டுக்குன்னு ஒரு ஃபோல்டர் உண்டு. அதுல ஒரு குட்டி ப்ரோக்ராம் வெச்சேன். 0பி ரெஜிஸ்டர்ல "அடாப்டர் நல்லா இருக்கு"ன்னு சொல்ற பிட்டைப் பார்க்கும். இருந்தா, ஷட்டவுனை விட்டுட்டு ரீபூட். இல்லன்னா 09-ஆவது ரெஜிஸ்டர்ல ஐந்தாம் நம்பர் பிட்டை எழுதும். அந்த பிட் பேட்டரியை உள்ளுக்குள்ளயே துண்டிச்சிடும், புது போன் பெட்டில வர்றப்போ பேட்டரி தீராம இருக்கறதுக்காக வெச்ச வசதி அது. பை சுத்தமா அணையும், ஒரு சொட்டு கூட இழுக்காது. அடாப்டர்ல கரண்ட் வந்ததும் ஐசி தானே முழிச்சு எல்லாத்தையும் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். பார்க்கறதுக்கும் துண்டிக்கறதுக்கும் நடுவுல சில மில்லி செகண்ட்தான் இடைவெளி. அந்த மில்லி செகண்ட்ல கரண்ட் வந்தா, சரி, ஏணியை எடுத்துக்கறேன்.

கடைசியா டிஎஸ் பின். செல்லு மேல ஒட்டற தெர்மிஸ்டருக்கானது. செல்லு ரொம்பக் குளிர்ந்து போனாலும் சார்ஜ் கிடையாது, வரம்பு தாண்டி சூடானாலும் நிறுத்திடும். இந்த வேலையை சாஃப்ட்வேரே இல்லாம ஐசி தானே பார்த்துக்கும். விலை குறைஞ்ச மாட்யூல்ல என்ன பண்றாங்கன்னா, தெர்மிஸ்டருக்குப் பதிலா ஒரு சாதா ரெசிஸ்டரைப் போட்டு "எப்பவும் 25 டிகிரி"ன்னு ஐசியை ஏமாத்திடறாங்க. வாட்ச்டாக்கை அணைக்கறது ஒரு பாவம்னா இது மகா பாவம். ஒரு 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் என்ன விலை வரும்? அந்த ரெசிஸ்டரை எடுத்துட்டு, நிஜ தெர்மிஸ்டரை ரெண்டு செல்லுக்கும் நடுவுல கேப்டான் டேப் போட்டு ஒட்டிடுங்க.

சிஇ தடத்தை வெட்டறவங்களுக்கு ஒண்ணு: ஐசில அதுக்கு ஒட்டினாப்பல இருக்கறது ஓடிஜி பின். மல்டிமீட்டரை பீப்ல போட்டு, கிரவுண்டோட சேர்ந்திருக்கறது ரெண்டுல எந்தத் தடம்னு பார்த்துட்டு பிளேடை வைங்க. ரெண்டுமே கிரவுண்டுல இருந்தா ரெண்டும் பீப் அடிக்கும், அப்போ லென்ஸ் வெச்சு பின்ல இருந்து தடத்தைத் தொடர்ந்து போங்க.